கூடுவாஞ்சேரியில் வீடு, சிறுசேரியில் வேலை: சென்னையின் ரயில் வலை எங்கே விட்டுப்போயிருக்கிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: கூடுவாஞ்சேரியில் கடன் போட்டு வாங்கிய வீடு, சிறுசேரி சிப்காட் தொழிற்பூங்காவில் வேலை. மெட்ரோ இரண்டாம் கட்டம் முடிந்தால் தினசரி அலைச்சல் தீருமா? எல்லோரும் மெட்ரோவைப் பற்றியே பேசுகிறார்களே, எலக்ட்ரிக் டிரெயினை ஏன் யாரும் விரிவாக்குவதில்லை? காத்திருக்கலாமா, வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடலாமா?

முதலில் நேரான பதில். உங்கள் அலைச்சல் குறையும், தீராது. இரண்டாம் கட்டத்தில் கட்டப்பட்டுவரும் 3, 4, 5 என்று எண்ணிட்ட மூன்று மெட்ரோ வழித்தடங்களில் ஒன்றுகூட ஜி.எஸ்.டி. சாலையையும் (தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை) ஓ.எம்.ஆரையும் (பழைய மகாபலிபுரம் சாலை) தாம்பரத்துக்குத் தெற்கே குறுக்காக இணைக்கவில்லை. சிறுசேரி உங்கள் வீட்டிலிருந்து நேர்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குள்தான். ரயிலிலேயே போக நினைத்தால் கூடுவாஞ்சேரியில் ஏறி வடக்கே பரங்கிமலைக்கு வர வேண்டும். அங்கே ஐந்தாம் வழித்தடத்துக்கு மாறி மடிப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர். அங்கே இன்னொரு முறை மூன்றாம் வழித்தடத்துக்கு மாறித் தெற்கே சிறுசேரி. மொத்தம் ஐம்பது கிலோமீட்டரை நெருங்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. மழைக்காலத்தில், கேளம்பாக்கம் சாலையில் வண்டிகள் நகராமல் நிற்கும் நாட்களில், அந்தச் சுற்றுவழியும் உதவும். தினசரிக்கு அது வழியாகாது.

இது ஏன் இப்படி ஆயிற்று என்பதைச் சொன்னால்தான், எதைக் கேட்டுப் போராட வேண்டும் என்பது புரியும். அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

சென்னை ரயிலோடு வளர்ந்த ஊர். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதை மின்மயமானது. தாம்பரம் அப்போது ஊருக்கு வெளியே ஒரு கிராமம். அங்கே மின்சார வண்டி விடலாம் என்று முடிவெடுத்தவர்களின் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மதிப்பு கூடுகிறது. வண்டி முதலில் போனது, மாம்பலமும் குரோம்பேட்டையும் அதன் பின்னால் ஊராயின. மத்திய வர்க்கத்துக் குடும்பங்கள் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் மனை தேடியதும், சீசன் டிக்கெட் ஒவ்வொரு வீட்டிலும் ரேஷன் கார்டு மாதிரி இருந்ததும் அதனால்தான். மேற்கே ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம். வடக்கே எண்ணூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி. இப்படி மூன்று விரல்களாக ஊர் நீண்டது. விரல்களுக்கு நடுவில் இருந்த இடத்தில் ஏரியும் வயலும் இருந்தவரை பிரச்சினை இல்லை. 2000-க்குப் பிறகு ஓ.எம்.ஆர். என்ற நான்காவது விரல் முளைத்தது. அது ரயில் இல்லாமலே முளைத்த விரல். உங்கள் அலைச்சலின் வேர் அங்கே இருக்கிறது.

இனி எலக்ட்ரிக் டிரெயின். இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். குறைந்த செலவில் கிடைக்கக்கூடிய பெரிய பலன் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கணக்குப் போடுவோம். பன்னிரண்டு பெட்டி மின்சார ரயிலில் நெருக்கி நின்றால் 3,000 பேருக்குக் குறையாமல் போகலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 36,000 பேர். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு வாங்கப்படுபவை மூன்று பெட்டி வண்டிகள், ஓட்டுநர் இல்லாமல் ஓடக்கூடியவை. ஒரு வண்டிக்கு ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டாலும் 20,000 பேர்தான். மெட்ரோவைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கென்று தனி வேலை இருக்கிறது. ஆனால் ஊரின் தொலைதூரக் கூட்டத்தைச் சுமக்கும் முதுகெலும்பு பழைய ரயில்பாதைதான். நூறு ஆண்டுகளுக்கு முன்பே நிலம் எடுத்து வைத்த பாதை அது. இன்றைக்கு அந்த நிலத்தை எந்த அரசாலும் வாங்க முடியாது.

அப்படியானால் ஏன் தாம்பரத்துக்கு அப்பால் வண்டி வரவில்லை? கூடுவாஞ்சேரிக்காரரான உங்களுக்குத் தெரியும், கடற்கரையிலிருந்து வரும் பல வண்டிகள் தாம்பரத்தோடு திரும்பிவிடுகின்றன. காரணம் தண்டவாளத்தின் எண்ணிக்கை. எழும்பூர்–தாம்பரம் இடையே நான்கு பாதைகள். இரண்டு எலக்ட்ரிக் டிரெயினுக்கு, இரண்டு எக்ஸ்பிரசுக்கு. தாம்பரம்–செங்கல்பட்டு இடையே மூன்றுதான். தென்மாவட்டங்களுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற எக்ஸ்பிரஸ், கூட்ஸ் எல்லாம் அந்த மூன்றில்தான் உள்ளூர் வண்டியோடு முட்டிமோத வேண்டும். காலையில் தெற்கிலிருந்து எக்ஸ்பிரஸ்கள் வரிசையாக நுழையும் நேரமும், நீங்கள் ஆபீஸ் கிளம்பும் நேரமும் ஒன்றே. ஊரப்பாக்கத்துக்கு முன்னால் வண்டி காரணமே சொல்லாமல் நிற்கும்போது உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்களே, அந்த நிறுத்தத்தின் பெயர் மூன்றாவது பாதை.

தாம்பரம்–செங்கல்பட்டு நான்காவது பாதைக்கு 2025-இல் ஒப்புதல் கிடைத்தது. சுமார் 30 கிலோமீட்டர், 757 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 25 கோடி. மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி என்று திட்டமிடப்பட்டது. சராசரி கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். இரண்டையும் அப்படியே தராசில் வைப்பது நியாயமில்லை என்பதும் உண்மை. ஒன்று ஏற்கெனவே கையில் உள்ள நிலத்தில் தரைமட்டத்தில் போடும் தண்டவாளம், மற்றொன்று பாறையைக் குடைந்தும் சாலை நடுவே தூண் நட்டும் புதிதாக உருவாக்கும் பாதை. ஆனாலும் இருபது மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசத்தைக் கவனியுங்கள். கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று வீடு கட்டிக் குடியேறியிருக்கிற அத்தனை பேருக்கும் பயன்படும் வேலைக்கு ஒதுக்கிய தொகை, மெட்ரோவின் ஒன்றரைக் கிலோமீட்டர் செலவுக்குச் சமம். அதை மூன்றாவது பாதையோடு சேர்த்தே முடித்திருக்க வேண்டும் என்று இந்தத் துறையில் பலரும் சொல்லிவந்தார்கள்.

கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதையும் இதே கதை. வெறும் 4.3 கிலோமீட்டர். ஆனால் அந்தத் துண்டில் மூன்று பாதைகள்தான் இருந்ததால், தெற்கு எக்ஸ்பிரஸ்களைக் கடற்கரை வரை நீட்டுவதும் அங்கிருந்து வடக்கே அனுப்புவதும் சிரமமாக இருந்தது. வேலைக்காக 2023 ஆகஸ்ட் கடைசியில் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலை (தூண்கள்மேல் கட்டிய பாதையில் ஓடும் மின்சார ரயில்) நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள், 2024 அக்டோபர் கடைசியில்தான் மீண்டும் ஓடியது. பதினான்கு மாதம். கோட்டைக்கும் பாரிமுனைக்கும் அந்த வண்டியை நம்பிப் போன வேலைக்காரர்கள் அந்தப் பதினான்கு மாதமும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிப் பஸ் பிடித்தார்கள். விரிவாக்கத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அந்தப் படிக்கட்டில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பாதை போதாமல் போனால் நேரம் மட்டும் வீணாவதில்லை. 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. மேலே மின்கம்பி அறுந்து வழக்கமான பாதை அடைபட்டது. உள்ளூர் வண்டியை எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்டார்கள். ஏற்கெனவே தாமதம், கூட்டம் வழிந்தது, படியில் தொங்கியபடி இளைஞர்கள் வந்தார்கள். அந்தப் பாதையை ஒட்டியிருந்த தடுப்புச்சுவரில் மோதி உயிர்கள் போயின. புட்போர்டில் தொங்காதே என்று அறிவுரை சொல்வது எளிது. உள்ளே இடமும் அடுத்த வண்டி ஐந்து நிமிடத்தில் வரும் என்ற நம்பிக்கையும் இருந்தால் யாரும் தொங்கமாட்டார்கள்.

வடக்குப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அத்திப்பட்டு வரை நான்கு பாதைகள், அதற்கு மேல் கும்மிடிப்பூண்டி வரை இரண்டே பாதைகள். விஜயவாடா, டெல்லி, கொல்கத்தா போகிற வண்டிகள் அனைத்தும் அந்த இரண்டில்தான். துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் போகிற சரக்கு வண்டிகளின் நெருக்கடியும் அந்தத் தடத்தில்தான். பொன்னேரியிலிருந்து வரும் வண்டி எக்ஸ்பிரசுக்கு வழிவிட்டு நிற்பது அங்கே செய்தியே ஆகாது. தெற்கே ஒரு வண்டி தாமதமானால் நாளிதழில் படம் வருகிறது. பொன்னேரி மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தால்தான் படம் வரும். மூன்றாம், நான்காம் பாதைகள் எங்கே மிக அவசரம் என்று என்னைக் கேட்டால், உங்கள் தடத்தைவிடவும் முன்னால் அத்திப்பட்டு–கும்மிடிப்பூண்டியைத்தான் சொல்வேன்.

இப்போது பறக்கும் ரயில். விரிவாக்கம் எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கும், அதைத் தூக்கி எறியவும் கூடாது என்பதற்கும் அது ஒரே பாடம். 1995-இல் கடற்கரை–சேப்பாக்கம், 1997-இல் மயிலாப்பூர், 2004-இல் திருவான்மியூர், 2007-இல் வேளச்சேரி. 19 கிலோமீட்டரைத் திறந்து முடிக்கவே பன்னிரண்டு ஆண்டுகள். நிலம் எடுக்கும் தொல்லை வேண்டாம் என்று பெரும்பகுதியைப் பக்கிங்காம் கால்வாயின் மேலேயே கட்டினார்கள். கால்வாய் குறுகியது, வெள்ளம் வடியும் வழி கெட்டது. நிலையங்களை அரண்மனை மாதிரி கட்டினார்கள், ஆனால் வாசலைச் சாலைப்பக்கம் திருப்பவில்லை. உள்ளே கடை இல்லை, விளக்கு இல்லை, மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு பெண் தனியாகப் படியேற யோசிப்பாள். மயிலாப்பூர் குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருமயிலை நிலையத்துக்கு வழி கேட்டால், அங்கேயே குடியிருப்பவர்கள்கூடக் கையைக் காட்டிவிட்டு, பஸ்ஸிலேயே போய்விடுங்கள் என்பார்கள்.

பல ஆண்டுகள் வேளச்சேரியோடு நின்றுபோனது இதைவிடப் பெரிய பிழை. அங்கிருந்து பரங்கிமலை ஐந்து கிலோமீட்டர். அது இணைந்தால் பறக்கும் ரயிலும் தெற்கு மின்சார ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் கை கோக்கும். வேலை 2008 வாக்கில் தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கு வழக்கு. தூண்கள் வரிசையாக வந்து, ஒரு தெருவின் முன் நின்று, அந்தப் பக்கம் மறுபடியும் தொடங்கின. நடுவில் வானம். ஆண்டுக்கணக்காக அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே உள்வட்டச் சாலையில் போயிருக்கிறேன். வழக்குப் போட்டவர்களைக் குறை சொல்லமாட்டேன். வாழ்நாள் சேமிப்பில் கட்டிய வீட்டுக்குச் சந்தை விலையைக் கேட்பது உரிமை. தொடக்கத்திலேயே தாராளமாகக் கொடுத்து முடித்திருந்தால், பிறகு ஏறிய கட்டுமானச் செலவில் ஒரு பகுதியே ஆகியிருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

மெட்ரோவுக்கு வருகிறேன். முதல் கட்டம் 2009-இல் வேலை தொடங்கியது. 2015 ஜூன் 29-இல் கோயம்பேடு–ஆலந்தூர் பத்து கிலோமீட்டர் திறந்தது. 2019 பிப்ரவரியில் 45 கிலோமீட்டரும் முடிந்தது. அண்ணா சாலைக்கு அடியில் சுரங்கம் குடையும்போது சென்னை மண் தன் குணத்தைக் காட்டியது. ஓரிடத்தில் கடினப் பாறை, சில மீட்டர் தள்ளி மணலும் களிமண்ணும். ஒரே இயந்திரம் இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டிய இடங்களில் பற்கள் தேய்ந்து நின்றன, மேலே சாலையில் சேறு பொங்கியது, ஒரு ஒப்பந்தக்காரர் பாதியில் விலக வேண்டி வந்தது. அந்த அனுபவம் இரண்டாம் கட்டத்துக்குக் கைகொடுத்தது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டர் நீண்டபோது, வடசென்னையும் அந்த நவீன வசதியில் தெற்கோடு சேர்ந்தது. அந்த நாளில் திருவொற்றியூரில் குடும்பம் குடும்பமாக ஏறி, விமான நிலையம் வரை சும்மா போய்த் திரும்பியவர்களைப் பார்த்தேன். பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு தாத்தா ஏசி காற்றில் கையை நீட்டிக்கொண்டே வந்தார்.

இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள். மாதவரத்திலிருந்து பெரம்பூர், புரசைவாக்கம், சேத்துப்பட்டு, மயிலாப்பூர், அடையாறு, ஓ.எம்.ஆர். வழியாகச் சிறுசேரி. கலங்கரை விளக்கத்திலிருந்து மயிலாப்பூர், நந்தனம், பனகல் பூங்கா, கோடம்பாக்கம், வடபழனி, போரூர் வழியாகப் பூந்தமல்லி. மாதவரத்திலிருந்து வில்லிவாக்கம், திருமங்கலம், கோயம்பேடு, முகலிவாக்கம், ஆலந்தூர், பரங்கிமலை, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர். முதல் கட்டம் ஊரை மையத்துக்கு இழுத்தது என்றால், கடைசியாகச் சொன்ன அந்த ஐந்தாம் வழித்தடம் மையத்தைத் தொடாமலே ஊரைச் சுற்றி வருகிறது. வில்லிவாக்கத்தில் மேற்கு மின்சாரப் பாதையையும், பரங்கிமலையில் தெற்குப் பாதையையும் தொடுகிறது. ஆவடியிலிருந்து மேடவாக்கம் போக வேண்டியவர் இனி சென்ட்ரலுக்கு வந்து இறங்கி, சுரங்கப்பாதையில் பார்க் ஸ்டேஷனுக்கு ஓடி, மறுபடி ஏற வேண்டியதில்லை. மூன்றிலும் எது மிக முக்கியம் என்று கேட்டால், யோசிக்காமல் ஐந்து என்பேன்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கூவம் கரையிலிருந்தும் அடையாற்றுக் கரையிலிருந்தும் அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் அடுக்குமாடிகளில் இருக்கின்றன. சிந்தாதிரிப்பேட்டையில் குடிசையிலிருந்து நடந்தே வேலைக்குப் போன பெண், பெரும்பாக்கத்திலிருந்து அதே வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க விடியற்காலையில் பஸ் ஏற வேண்டியதாயிற்று. பல பேர் வேலையை விட்டார்கள், பல பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள். அந்தப் பெரும்பாக்கத்தின் வழியாக ஐந்தாம் வழித்தடம் போகிறது. கண்ணகி நகர்ப் பக்கமாக மூன்றாம் வழித்தடம் போகிறது. வண்டி அவர்கள் வாசலுக்கு வருகிறது என்று சந்தோஷப்படலாம், ஆனால் கட்டணம்? மெட்ரோவில் குறைந்தது 10 ரூபாய், அதிகம் 50. மின்சார ரயிலில் 5 ரூபாயில் தொடங்கி, கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையே 10 ரூபாய்தான். சாதாரணப் பேருந்தில் 2021-இலிருந்து பெண்களுக்குக் கட்டணமே இல்லை. இந்த மூன்றும் ஒரே ஊரில், ஒரே ஏழைப் பெண்ணின் முன் நிற்கின்றன. அவள் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே போனாலும் பஸ்ஸைத்தான் தேர்ந்தெடுப்பாள். மாதச் சம்பளக்காரருக்காக மட்டும் 63,000 கோடி செலவழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் சலுகை மாதச்சீட்டு வேண்டும். சீசன் டிக்கெட் என்ற பழக்கம் நம் ரயிலில் நூறாண்டாக இருப்பதுதான், மெட்ரோவில் அதை விரிவாக்குவதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை.

இணைப்பைப் பற்றி. ஒரு பயணி வண்டி மாறும்போது செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் வண்டிக்குள் செலவிடும் இரண்டு நிமிடம் மாதிரி கனக்கும் என்பது போக்குவரத்துத் திட்டக்காரர்களின் பழைய அனுபவம். கிண்டியில் மெட்ரோவுக்கும் மின்சார ரயிலுக்கும் நடுவே நடைமேம்பாலம் வந்தபிறகு கூட்டம் எப்படி மாறியது பாருங்கள். விமான நிலையத்தில் மெட்ரோ இருக்கிறது, எதிரே திரிசூலம் நிலையம் இருக்கிறது, நடுவே ஜி.எஸ்.டி. சாலை. பெட்டியோடு சுரங்கப்பாதையில் இறங்கி ஏறுகிறவரைக் கேளுங்கள், இணைப்பு என்றால் என்ன என்று சொல்வார். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் கடைசியில் பேருந்து முனையத்தைத் திறந்துவிட்டு ரயில் நிலையத்தைப் பிறகு கட்டினார்கள். மதுரையிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கு வந்து இறங்கியவர், கண்ணுக்கெதிரே தண்டவாளம் ஓடினாலும், மாநகரப் பேருந்தில் ஏறி வண்டலூருக்கோ தாம்பரத்துக்கோ போக வேண்டியிருந்தது. நிலையத்தை முதலில் கட்டி, ஆறு மாதம் கழித்து முனையத்தைத் திறந்திருந்தால் எத்தனை வயதானவர்கள் அலைந்திருக்கமாட்டார்கள். இந்த வரிசை மாற்றத்துக்குத் தனியாகப் பணம் தேவையில்லை. இரண்டு அலுவலகங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும்.

அந்த மேசைதான் சென்னையில் இல்லாத பொருள். மின்சார ரயிலும் பறக்கும் ரயிலும் தெற்கு ரயில்வேயிடம். மெட்ரோ, மத்திய மாநில அரசுகளின் கூட்டு நிறுவனத்திடம். பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம். நடைபாதை மாநகராட்சியிடம், ஜி.எஸ்.டி. சாலை நெடுஞ்சாலைத் துறையிடம். இவர்களை ஒன்றாக்க ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம் ஒன்றுக்கு 2010-இல் சட்டம் இயற்றினார்கள். அதன் முதல் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது. இப்போது ‘சென்னை ஒன்று’ செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். சீட்டு எடுக்கலாம். 2025 செப்டம்பரில் வந்தது. நல்ல தொடக்கம், நான் பயன்படுத்துகிறேன். ஆனால் அட்டவணை வகுக்கவும், பாதை போடப் பணம் ஒதுக்கவும் அந்த ஆணையத்துக்குக் கை நீளவில்லை. மும்பையில் 1999-லேயே ரயில்வேயும் மகாராஷ்டிர அரசும் சேர்ந்து புறநகர் ரயிலுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கின. தானே–திவா ஐந்தாம், ஆறாம் பாதைகள் 2022-இல் முடிந்தது அந்த ஏற்பாட்டில்தான். பெங்களூருவும் அதே வகையில் புறநகர் ரயிலுக்குத் தனி நிறுவனம் வைத்திருக்கிறது. 1931-லேயே மின்சார வண்டி ஓட்டிய சென்னைக்கு அப்படி ஒன்று இல்லை. யாரும் எலக்ட்ரிக் டிரெயினைப் பேசுவதில்லை என்றீர்களே, காரணம் இதுதான். மெட்ரோவுக்குப் பேச ஒரு நிறுவனம் இருக்கிறது, அதற்கு ஒரு தலைவர், மாதாமாதம் பயணிகள் கணக்கு, படம் போட்ட அறிவிப்பு எல்லாம் இருக்கின்றன. தாம்பரம் வண்டிக்கு, பல ஆயிரம் கிலோமீட்டரைக் கவனிக்கும் ஒரு ரயில்வே மண்டலத்தின் அலுவலகத்தில் ஒரு மேசைதான் இருக்கிறது. பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் ஒப்படைக்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடப்பது எனக்கு உடன்பாடே. மூன்று பெரிய மின்சாரத் தடங்களுக்கு மும்பை வழிதான் சரி.

காலக்கெடு. ஒரு மெட்ரோ அறிவிப்பைப் படித்துவிட்டு மனை வாங்க ஓடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முதலில் சாத்தியக்கூறு அறிக்கை, பிறகு விரிவான திட்ட அறிக்கை, மாநில ஒப்புதல், மத்திய ஒப்புதல், வெளிநாட்டு வங்கிக் கடன், டெண்டர், நிலம், அதற்குப் பிறகு சாலைக்கு அடியில் இருக்கும் குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்வடம் எல்லாவற்றையும் இடம் மாற்றுவது. இந்தக் கடைசி வேலைதான் எவர் கண்ணிலும் படாமல் ஆண்டைத் தின்னும். அப்புறம்தான் தூண். கடைசியில் ரயில்வே ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓட்டச் சோதனை, பாதுகாப்பு ஆணையரின் சான்று. இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. நடுவில் மாநில அரசு தன் தோளிலேயே கடன் சுமந்து வேலையை நடத்தியது. பூந்தமல்லி பக்கம் முதலில் முடியும்படி வேலையை வகுத்தார்கள், பணிமனை அங்கே இருப்பதாலும் பெரும்பகுதி மேம்பாலமாக இருப்பதாலும். சுரங்கம் அதிகமுள்ள மயிலாப்பூர், அடையாறு பக்கம் கடைசியில்தான் வரும். திருமயிலையில் இரண்டு வழித்தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிலத்துக்கு அடியில் சந்திக்கின்றன, அந்த ஒரு நிலையத்தை முடிப்பதே தனிச் சாதனையாக இருக்கும்.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை 15.46 கிலோமீட்டர் நீட்டும் திட்டமும் இருக்கிறது. கூடுவாஞ்சேரிக்காரர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். எனக்குத் தயக்கம் உண்டு. அந்தப் பாதை முழுக்க மின்சார ரயிலுக்குப் பக்கத்திலேயே ஓடும். நான்கு தண்டவாளம் போட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டால், அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதியை அதுவே சுமந்துவிடும். ஏசி வேண்டும் என்பவர்களுக்காக 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு ஏசி மின்சார ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. அதே பணத்தை வண்டலூர்–கேளம்பாக்கம் திசையில் ஒரு குறுக்குப் பாதைக்குப் போட்டால், ஜி.எஸ்.டி.யும் ஓ.எம்.ஆரும் தாம்பரத்துக்குத் தெற்கே முதன்முறையாக ரயிலால் இணையும். இணையாக ஓடும் இரண்டு பாதைகளைவிடக் குறுக்கே போகும் ஒன்று இந்த ஊருக்கு அதிகம் தேவை என்பதை எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்வேன்.

உங்கள் கடைசிக் கேள்வி. வீட்டை விற்க வேண்டாம். நான்காவது பாதை வந்தால் கூடுவாஞ்சேரி இன்றைக்கு இருப்பதைவிட நல்ல இடமாகும், மையச் சென்னையில் வேலை உள்ள எவருக்கும் அது வசதி. ஆனால் சிறுசேரி வேலையில் பத்து ஆண்டு இருப்பீர்கள் என்றால், இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாவலூர் பக்கமோ மேடவாக்கம் பக்கமோ வாடகைக்குப் போங்கள். மெட்ரோ வந்தபின் மேடவாக்கத்திலிருந்து இரண்டு மெட்ரோ வண்டிகளில் அலுவலகம் போய்விடலாம், பரங்கிமலை வழியாக ஊருக்குள்ளும் வரலாம். அதுவரை கூடுவாஞ்சேரியிலேயே இருக்கிற நாட்களில், வண்டலூரில் இறங்கிக் கேளம்பாக்கம் சாலைப் பஸ்ஸைக் காலை ஏழு மணிக்கு முன்னால் பிடியுங்கள். ஏழரைக்குப் பிறகு அந்தச் சாலை வேறு சாலை. உங்கள் குடியிருப்போர் சங்கம் அடுத்த முறை மனு எழுதும்போது மெட்ரோவைக் கடைசி வரியில் வைத்து, முதல் வரியில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: தாம்பரத்தோடு திரும்பும் காலை வண்டிகளில் எத்தனையைக் கூடுவாஞ்சேரி வரை நீட்ட முடியும், எந்தத் தேதியிலிருந்து?